கயிறு பிடிப்பார் யார்?

முத்துக்குளித்துறையில் கடலுள் இறங்கியவன் உயிர் தோணியில் நின்றவன் கையில் இருந்தது. மூழ்குநன் கல்லின் துணைகொண்டு சிப்பி விளையும் பாருக்கு இறங்குவான். மூச்சு நிற்கும் அளவு ஒரு மணித்துளி. மிஞ்சினால் இன்னும் சில நொடி. அதற்குள் அகப்பட்ட சிப்பிகளைப் பைக்குள் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவான். சுண்டிய நொடியில் மேலிருப்பவன் இழுத்தாக வேண்டும். அவன் பக்கத்துத் தோணிக்காரனோடு வாயாடிக் கொண்டிருந்தால் கீழிருப்பவன் கதை அன்றோடு முடிந்தது. அதனாற்றான் மூழ்குநனின் மனைவியோடு உடன்பிறந்தவனையே கயிறு பிடிக்க நிறுத்துவர் என்று அக்கடற்கரையில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். உடன்பிறந்தாள் கைம்மையுறுவதை எவன் பொறுப்பான்?

அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 2011இல் அத்துறைமுகம் செக்கிழுத்த செம்மல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிற்று. தொலையிரம் பாரில் சிப்பி தேடிய குடிகளின் பெயரர் இன்று சரக்குப் பெட்டக முனையத்திலும் உப்பளத்திலும் விசைப்படகிலும் கூலி ஈட்டுகின்றனர். ஆயினும் மூழ்குவது நின்றுவிடவில்லை. வேம்பாறு முதல் பெரியதாழை வரை வீடுதோறும் பிள்ளைகள் இரவில் போர்வைக்குள் கைப்பேசியை ஏந்திக் கரைகாணா இணையக் கடலுள் இறங்குகின்றனர். தந்தை படகில் இருக்கிறார். தாய் பகலெல்லாம் உப்பு வாரிய அயர்வில் உறங்குகிறாள். கீழே பிள்ளை கயிற்றைச் சுண்டுகிறது. மேலே பிடிப்பார் எவருமில்லை.

நடப்பது என்ன? வெளிப்படையாகவே சொல்லியாக வேண்டும். பூசி மெழுகியதால் விளைந்த கேடு போதும். பதின்மூன்று, பதினைந்து, பதினேழு அகவையுடைய பையனோ பெண்ணோ, தன் நெஞ்சுக்கு இனிய ஒருவர் கேட்டார் என்பதற்காக, ஆடை நெகிழ்ந்த தன் படத்தை எடுத்துப் புலனத்திலோ படவரியிலோ அனுப்பிவிடுகிறது. சில நேரம் கேட்பவன் அதே பள்ளி மாணவன். சில நேரம், மாணவி என்று பொய்ப்பெயர் சூடிய முப்பது அகவைத் தடியன். முதற்படம் கிடைக்கும் வரை தேனொழுகப் பேசுவான். கிடைத்தபின் குரல் மாறும். “இன்னொரு படம் அனுப்பு, இல்லையேல் இதை உன் தந்தைக்கும் வகுப்புக் குழுவுக்கும் அனுப்புவேன்” என்பான். இரண்டாவது போனால் மூன்றாவதைக் கேட்பான். படம் வேண்டாதவன் பணம் கேட்பான். கொடுக்கக் கொடுக்க மிரட்டல் வளருமேயன்றித் தேயாது. படமே அனுப்பாத பிள்ளையும் தப்புவதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த முகத்தை வெட்டி வேறோர் உடம்பில் ஒட்டுவதற்கு இன்று ஒரு செயலி போதும்.

கனடா நாட்டுக் கால்கரிப் பல்கலைக்கழகத்துச் செரி மாடிகன் முதலானோர் இப்பழக்கம் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். 18 அகவைக்குட்பட்ட 1,10,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய தொகுப்பு அது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் இத்தகைய படமோ செய்தியோ அனுப்பியிருந்தனர். நால்வரில் ஒருவர்க்கு மேல் அவற்றைப் பெற்றிருந்தனர். எட்டில் ஒருவர், பிறர் அனுப்பியதை அவர்தம் இசைவின்றி மூன்றாமவர்க்குக் கடத்தியிருந்தனர். மறு ஆண்டில் வந்த இன்னொரு தொகுப்பு, இப்பழக்கத்தோடு உளச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து காணப்படுவதைக் காட்டிற்று. கணக்குப் பெரிதும் மேலைநாட்டாருடையது. ஆனால் கைப்பேசி இங்கும் அதுவே, அகவையும் அதுவே. இவற்றுள் ஊன்றி நோக்கத் தக்கது அந்த மூன்றாம் எண். அனுப்பிய பிள்ளையைக் கரித்துக் கொட்டும் ஊர், கடத்திய கயவனைக் கண்டுகொள்வதே இல்லை. பிள்ளையை நொறுக்குவது அப்படம் அன்று. அதைப் பிறன் பரப்புவதும், பரப்பியதை ஊர் பேசுவதும், ஊர் பேசியதை வீடு நம்புவதுமே நொறுக்குகின்றன.

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைப் பக்கத்தில் 2016 சூன் திங்களில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்கலாகாது. கல்லூரிப் படிப்பை முடித்த இளம்பெண். தன் படத்தை எவர்க்கும் அனுப்பாதவள். அவள் முகத்தைத் திரித்து ஒட்டிய படம் முகநூலில் வந்தது. தந்தை காவல்துறையிடம் ஓடினார். அங்கே காவலர் ஒருவர் கையூட்டாகக் கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொண்டார். படம் நீங்கவில்லை, இன்னொரு படமும் ஏறிற்று. அவள் தன்னுயிரை மாய்த்துக் கொண்டாள். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்பதே அவள் எழுதிவைத்த மடலின் சுமை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். பின்னர்!

பொள்ளாச்சியில் நடந்தது வேறு. 2019 பிப்பிரவரியில் 19 அகவைக் கல்லூரி மாணவி ஒருத்தி வஞ்சித்து அழைக்கப்பட்டுப் படமெடுக்கப்பட்டு மிரட்டப்பட்டாள். அவளுக்கு முன்னும் பலர் அக்கும்பலிடம் சிக்கி, வாய்திறக்க அஞ்சிக் கிடந்தனர். இவள் வீட்டாரிடம் சொன்னாள். தமையன் அவள் பக்கம் நின்றான். கயவரைத் தேடிப் பிடித்தான். அவர்கள் கைப்பேசியுள் புதைந்து கிடந்தவை வெளிவந்தன. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் மன்றம் ஒன்பதின்மர்க்கும் சாகும் வரை சிறை என்று தீர்த்தது. தாக்குண்ட பெண்கள் எண்மர்க்கு 85 இலக்கம் உருபா இழப்பீடு வழங்கச் சொல்லிற்று. 48 சான்றாளருள் ஒருவரும் பிறழவில்லை. ஆறாண்டுக் காலம் அச்சுறுத்தலுக்கும் அலருக்கும் இடையே நிமிர்ந்து நின்று சொன்னதையே சொன்ன அப்பெண்களைத்தான் வீரத்தமிழ் மகளிர் என்று மேடைகளில் பாடவேண்டும். முத்துக்குளித்துறை மரபில் கயிறு பிடித்தவனும் ஒரு பெண்ணின் உடன்பிறந்தவனே என்பது இங்கு நினைக்கத் தக்கது.

அதே வழக்கில் கயிற்றை அறுத்தவர் யாரென்றும் சொல்ல வேண்டும். முறையிட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரலுவலர் இதழாளர் முன் வெளியிட்டார். வழக்கை நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அப்பெயர் அச்சேறிற்று. தூத்துக்குடி மாவட்டத்து வழக்குகளும் சென்று சேரும் உயர்முறைமன்ற மதுரைக் கிளை, 2019 மார்ச்சில் அப்பெண்ணுக்கு அரசு 25 இலக்கம் உருபா கொடுக்க ஆணையிட்டது. பணம் கொடுத்தால் வெளிவந்த பெயர் திரும்ப உள்ளே போகுமா? அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறையின் தென்கோடிக்கு அருகில், நாகர்கோயிலில், ஓர் இளைஞன் இணையத்தில் பழகிய பெண்கள் பலரைப் படங்கொண்டு மிரட்டிப் பணம் பறித்தது வெளிப்பட்டது. 2023இல் அவனுக்கும் வாழ்நாள் சிறை கிடைத்தது.

சட்டத்தில் குறை என்று சொல்வதற்கில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு சிறாரின் படத்தை ஊடகத்தில் வெளியிடுவதாகப் பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவதையே குற்றமாக்கிவிட்டது. அப்படம் மெய்யாயினும் புனைந்ததாயினும் ஒன்றே. 2021ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய படம் பற்றி முறையிட்டால் 24 மணி நேரத்துள் நீக்குமாறு இணைய நிறுவனங்களைக் கட்டின. ஏட்டில் எல்லாம் நன்று. ஆனால் 2025 சூலையில் சென்னை உயர்முறைமன்றத்தின் முன் வந்து நின்றவர் யார்? ஒரு பெண் வழக்கறிஞர். சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். தம் இசைவின்றிப் பரவிய படக்காட்சியை இணையத்தினின்று நீக்க வழியறியாது நின்றார். 48 மணி நேரத்துள் அதை நீக்குமாறு முறைவர் நடுவண் அரசுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. சட்டம் பயின்றவர்க்கே இந்நிலை எனின், திரேசுபுரத்து மீனவன் மகளோ தருவைக்குளத்துப் பத்தாம் வகுப்புப் பையனோ எங்கே போய் நிற்பது?

பையன் என்றதும் வியப்போர் உளர். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன இழப்பு என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச்சில் 17 அகவை மாணவன் ஒருவன், பெண் என்று நடித்தவர்க்குத் தன் படத்தை அனுப்பினான். பணங்கேட்டு மிரட்டல் தொடங்கிச் சில மணி நேரத்துள் அவன் உயிரோடில்லை. நடித்தவர்கள் நைசீரிய நாட்டு ஆடவர், உடன்பிறந்தார் இருவர். 2024 செபுதம்பரில் அவர்களுக்குப் பதினேழரை ஆண்டுச் சிறை கிடைத்தது. அம்மாணவனுக்கு அன்பான வீடு இருந்தது. ஆனால் அந்த இரவில் எழுந்து போய்க் கதவைத் தட்டலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்று வளர்க்கப்படும் தமிழ்ப் பையனுக்குத் தோன்றுமா?

இதற்குப் பள்ளிகளும் ஊர்ப் பெரியோரும் வைத்திருக்கும் மருந்து, பழைய கடல்கட்டியின் மருந்து. முத்துக்குளிக்கும் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கடல்கட்டி என்றொருவன் கரையில் அமர்ந்து முணுமுணுப்பான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கை இப்படிச் சுறாக் கட்டுவோர் பெற்றதாகக் குறித்திருக்கிறார். இரவில் அக்கட்டை அவிழ்த்து விடுவராம்! ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவனுக்குக் கூலி நடந்தது. இன்றைக்கு ஆண்டுக்கொருமுறை பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளை வெயில் வேளையில் அடைத்து வைத்து, ‘ஒழுக்கம் உயிரினும் ஓம்பப்படும், கைப்பேசி கேடு தரும், தமிழ்ப் பெண்ணுக்குக் கற்பே அணி’ என்று முழங்கிப் பொன்னாடை பெற்றுப் போவோர் யாவரும் கடல்கட்டிகளே. அன்றிரவே கட்டு அவிழ்ந்துவிடுகிறது. சுறா கடித்தபின் என்ன செய்வது என்று அவருள் ஒருவரும் சொல்வதில்லை. அதைவிடக் கேடு, ஏற்கெனவே கடிபட்டு அக்கூட்டத்துள் அமர்ந்திருக்கும் பிள்ளை, தன் வாயை இன்னும் இறுகப் பூட்டிக் கொண்டு வீடு திரும்புகிறது.

கைப்பேசியையே கொடுக்காவிட்டால் போயிற்று என்பார் அடுத்த கூட்டத்தார். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் காலத்தில், பாடம் நடத்தவென்று அதைப் பிள்ளையின் கையில் திணித்ததே பள்ளிதான். சிறு பிள்ளைக்கு இரவில் அது வேண்டாம் என்பது சரியே. அதில் எவர்க்கும் மாறுபாடில்லை. ஆனால் சிக்கிய பிள்ளை வாய்திறவாமைக்கு முதற்காரணம் ‘சொன்னால் பிடுங்கிவிடுவர்’ என்ற அச்சமே. பெண்ணாயிருந்தால், படிப்பையும் பிடுங்கி, அகவை நிரம்புமுன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவர் என்ற அச்சமும் உடன் சேரும். மிரட்டுவோன் பெற்ற படத்தை நம்பி மிரட்டவில்லை. பெற்றோரின் சினத்தை நம்பி மிரட்டுகிறான். அச்சினம் இல்லையெனின் அவன் கையிலுள்ளது வெறுந்தாள்.

இனி, தனித்தமிழ் அன்பர்க்கே உரிய பகுதி. துன்புற்ற பிள்ளை தாயிடம் சொல்ல வருகிறது. எந்தச் சொல்லால் சொல்லும்? நடந்ததற்கு ஆங்கிலத்தான் வைத்த பெயர் ‘செக்சுட்டிங்கு’. அதைத் தமிழ் இதழ்கள் கூசாது அப்படியே எழுதுகின்றன. காக்க வந்த சட்டத்துக்குப் பெயர் ‘போக்சோ’. பாலியல் குற்றங்களினின்று பிள்ளைகளைக் காக்கும் சட்டம் என்று தாய்க்கு விளங்கும் தமிழிருக்க, ஐந்து ஆங்கில எழுத்தைச் சுருட்டிய உருண்டை ஒன்று ஊரெல்லாம் உருள்கிறது. ‘அவன் மேல் போக்சோ போட்டிருக்கிறார்கள்’ என்று தேநீர்க் கடையில் பேசுவோர் அதை ஏதோ அடிதடி வழக்கு என்பதுபோற் பேசுகின்றனர். வீட்டில் எஞ்சியுள்ள சொல் ‘ஆபாசம்’. வடமொழியில் போலித் தோற்றம் என்று பொருள்படும் சொல், இங்கு வந்து அருவருப்பு என்று ஆயிற்று. ‘என்னை ஆபாசப் படம் எடுத்தேன்’ என்று எந்தப் பிள்ளை தாய்முகம் நோக்கிச் சொல்லும்? சொல்லின் முதல் எழுத்திலேயே அது குற்றவாளி ஆகிவிடுகிறதே.

தூய தமிழ்ச் சொல்லாயிருந்தால் மட்டும் போதும் என்பாரும் சற்று நிற்க. ‘கற்பழிப்பு’ என்பதில் வடசொல் கலப்பு ஏதுமில்லை. இரண்டும் பச்சைத் தமிழ். ஆயினும் அதைப் போற் கொடிய சொல் வேறில்லை. அடித்தவன் செய்ததை அடிபட்டவள் இழந்ததாகக் காட்டும் சொல் அது. ‘கெட்டுப் போனாள்’, ‘பெயர் கெட்டது’, ‘மானம் போயிற்று’ என்பனவும் அக்குடும்பத்தவை. தமிழ்த் தூய்மை என்பது எழுத்தின் பிறப்பை மட்டும் பார்த்து ஓய்வதாயின், இச்சொற்களையெல்லாம் தூயவை என்று போற்ற வேண்டி வரும். இயக்கத்தாருள் சிலர் இத்தகைய செய்தியைத் தமிழில் எழுதுவதே தமிழுக்கு இழுக்கு என்று முகஞ் சுளிப்பதுமுண்டு. அகத்திணை பாடிய மொழிக்கு உடம்பைப் பற்றிப் பேசத் தெரியாதென்பது அவர்தம் எண்ணம் போலும்.

பெயர் என்ன செய்யும் என்று ஐயுறுவோர் 2024 செபுதம்பர் 23ஆம் நாள் தில்லித் தலைமை முறைமன்றம் வழங்கிய தீர்ப்பைக் காண்க. சிறார் பாலியல் படங்களைத் தன் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தவன்மேல் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்முறைமன்றம் அவ்வாண்டு சனவரியில் தள்ளியிருந்தது. தலைமை மன்றம் அதைப் பிழையென மாற்றிற்று. அதனோடு அமையாது, அப்படங்களைக் குறிக்க வழங்கும் ஆங்கிலப் பெயரையே விலக்குமாறு மன்றங்களுக்குச் சொல்லிற்று. அவை இன்பப் படங்கள் அல்ல, பிள்ளையைச் சுரண்டித் துன்புறுத்தியதன் சான்று என்று தோன்றும்படி வேறு பெயர் வைத்தது. ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு பெயரை மாற்றுவது இத்துணை இன்றியமையாததாயிற்றெனின், தமிழுக்கு எத்துணைக் கடன் இருக்கிறது!

முத்துக்குளித்துறை இதை நானூறு ஆண்டுகட்கு முன்பே கண்டது. புன்னைக்காயலில் வாழ்ந்த போர்த்துகீசியர் அண்டிரிக் அடிகளார், கடற்கரை மக்கள் தம் நெஞ்சில் புதைத்த குற்றங்களை வாய்விட்டுச் சொல்வதற்கென்றே தமிழில் ஒரு நூல் யாத்து 1580இல் கொச்சியில் அச்சிட்டார். அதன் பெயர் ‘கொம்பெசியொனாயரு’ என்பது. காதைக் கடிக்கும் பெயர்தான். ஆனால் உள்ளிருப்பது தமிழ். அவர் தம் சமயத்துக்காகச் செய்தார் என்பது வேறு செய்தி. ஒருவன் மறைவாய்ச் சுமப்பதை இறக்கி வைக்கவேண்டின் அவன் தாய்மொழிச் சொல் வேண்டும் என்பது அயலார்க்கு விளங்கியது. இங்கே பிறந்தார்க்கு விளங்கவில்லை.

இயக்கத்தின் பிறப்பையே எண்ணுக. 1916இல் பல்லாவரத்தில் மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையாரோடு வள்ளலார் பாடலொன்றைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தார். அதில் ‘தேகம்’ என்று நின்ற இடத்தில் ‘யாக்கை’ என்று தமிழ்ச்சொல் நின்றிருப்பின் இனிதாயிருக்கும் என்றார். அப்பேச்சினின்றே தனித்தமிழ் கிளைத்தது என்பது யாவரும் அறிந்தது. மகளார்க்கு அப்பொழுது பதின்மூன்றை ஒட்டிய அகவை. ஒரு தந்தையும் அவ்வகவை மகளும் அமர்ந்து, உடம்பைக் குறிக்க எச்சொல் தகும் என்று கூச்சமின்றிப் பேசினர்! அப்பேச்சின் வழிவந்தோர் வீடுகளில் இன்று தந்தையும் மகளும் எதைப் பற்றிப் பேசுகின்றனர்? தேர்வு மதிப்பெண் பற்றி. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளியின் மதிப்பெண்.

சொற்கள் அரியவையல்ல. தனக்கென எடுத்த படம் ‘மறைபடம்’. அதைக் காட்டி அச்சுறுத்தல் ‘பட மிரட்டல்’. பிறர்க்குக் கடத்துதல் ‘படக் கடத்தல்’. கடத்துவோன் கடத்தற்காரன், தங்கம் கடத்துவோனைப் போல. ஒப்புக்கொடுத்தலுக்கு ‘இசைவு’ என்னும் அழகிய சொல் முன்னரே இருக்கிறது. ஒருமுறை ஒருவர்க்குத் தந்த இசைவு எப்போதும் எல்லார்க்கும் தந்த இசைவாகாது என்று எட்டாம் வகுப்பிலேயே இலக்கணப் பாடம் போல் நடத்தலாம். இவற்றினும் செவ்விய சொல் கிடைத்தால் அதனை வழங்குக. சொல்லாக்கச் சண்டையில் பத்தாண்டைப் போக்குதல் மட்டும் வேண்டா.

பள்ளித் தலைவர்க்கு ஒன்று. ஒரு சிறார்க்கு இத்தகைய குற்றம் நேர்ந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாமல், பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவரையே சிறைக்கு அனுப்பத் தக்க குற்றம். பெற்றோரை அழைத்துப் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்புவது அக்கடமையைத் தீர்க்காது. மிரட்டும் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கவும், ஒரு காசும் கொடாதிருக்கவும் பிள்ளைக்குச் சொல்லித் தரவேண்டியவரும் அவரே.

சிறார் உதவிக்கு 1098. பள்ளி மாணவர்க்கு 14417. உளத்துயர்க்கு 14416, 2022இல் வந்த இதற்கு நடுவண் அரசு தன் வழக்கப்படி ஆங்கிலமும் வடமொழியும் புணர்ந்த பெயரொன்றை இட, தமிழ்நாட்டரசு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயரிட்டது. ‘சேவை’யைப் பணி என்றிருக்கலாம், ஆயினும் ‘நட்புடன் உங்களோடு’ என்று தொடங்கிய கை வாழ்க. இம்மூன்று எண்ணையும் முத்துக்குளித்துறைப் பள்ளிகளின் சுவர்களில், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில், எழுதுவதற்கு இயக்கத் தோழர்க்கு ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். எண்களுக்கு மேலே எழுதவேண்டியது இவ்வளவே: “படத்தைக் காட்டி எவனாவது மிரட்டுகிறானா? குற்றம் அவனுடையது. எந்நேரமாயினும் சொல்.”